நாடி பார்த்தால் கிடைக்காது: இதய பம்ப் பற்றி வாசகர் கேள்விகள்

மருந்துக்குக் கட்டுப்படாத இதயச் செயலிழப்புக்கு நெஞ்சுக்குள் பொருத்தப்படும் பம்ப்பை டாக்டர்கள் 'எல்வேட்' என்பார்கள். இடது கீழறைக்குத் துணைநிற்கும் கருவி என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் இதய மருத்துவக் குழு பதில் சொல்கிறது.

அப்பாவுக்கு 58 வயது. இரண்டு முறை மாரடைப்பு வந்துவிட்டது. எக்கோவில் இதயத்தின் வேலைத்திறன் 18 சதவீதம் என்று எழுதியிருக்கிறார்கள். பம்ப் வைக்கலாம் என்கிறார் டாக்டர். இதயத்தை எடுத்துவிட்டுத்தான் வைப்பார்களா?
– வாசகி, திருநெல்வேலி

இல்லை அம்மா. அப்பாவின் இதயம் அதே இடத்தில்தான் இருக்கும், துடித்துக்கொண்டும் இருக்கும். அது செய்ய முடியாமல் தவிக்கும் வேலையில் பெரும்பகுதியை பம்ப் எடுத்துக்கொள்ளும்.

18 சதவீதம் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். இடது கீழறையில் 100 மில்லி ரத்தம் நிரம்பினால், நல்ல இதயம் ஒரு துடிப்பில் 55 மில்லிக்கு மேல் வெளியே தள்ளிவிடும். அப்பாவின் இதயம் 18 மில்லிதான் தள்ளுகிறது. மிச்சம் தேங்கி, அதன் அழுத்தம் பின்னால் நுரையீரல் வரை ஏறுகிறது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவதும், ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்வதும் இதனால்தான்.

அறுவை சிகிச்சையில் நெஞ்செலும்பைப் பிளந்து, இதய–நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு, இடது கீழறையின் நுனியில் நாணயம் அளவுக்கு வட்டமாகச் சதையை வெட்டி எடுப்பார்கள். அந்த ஓட்டையைச் சுற்றி ஒரு வளையத்தைத் தைத்து, பம்ப்பின் வாயை அதற்குள் நுழைத்துப் பூட்டுவார்கள். பம்ப்பின் மறுமுனையிலிருந்து 14 மில்லிமீட்டர் விட்டமுள்ள செயற்கைக் குழாய் ஒன்று போய் மகாதமனியில் தைக்கப்படும். கீழறையில் தேங்கும் ரத்தத்தை பம்ப் உறிஞ்சி, இந்தக் குழாய் வழியாக நேரே மகாதமனிக்கு அனுப்பும்.

பம்ப்புக்கு மின்சாரம் வேண்டுமே. அதற்கான ஒயர் தோலுக்கு அடியில் ஓடி வயிற்றுப் பக்கமாக வெளியே வரும். இதைத்தான் டிரைவ்லைன் என்பார்கள். அது இடுப்பில் மாட்டியிருக்கும் கண்ட்ரோலர் பெட்டியில் சேரும். கண்ட்ரோலரிலிருந்து இரண்டு ஒயர்கள் இரண்டு பேட்டரிகளுக்குப் போகும். அப்பா எங்கே போனாலும் இந்தப் பொருள்கள் கூடவே போகும். 'உள்ளே வைத்துத் தைத்துவிட்டால் முடிந்தது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உள்ளே இருக்கும் பம்ப் பெரும்பாலும் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. வெளியே வரும் ஒயரும், ரத்த அழுத்தமும், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையும் வீட்டார் கையில் இருக்கின்றன. அப்பாவின் ஆண்டுகள் அங்கேதான் தீர்மானமாகின்றன.

ஓய்வில்லாமல் சுற்றும் மோட்டாரில் தேய்மானம் வராதா? மோட்டார் தொழிலில் இருப்பவன் என்பதால் கேட்கிறேன்.
– வாசகர், கோயம்புத்தூர்

சரியான கேள்வி. பழைய பம்ப்கள் அதனாலேயே தோற்றன. 2001-இல் அமெரிக்காவில் வெளியான ரீமேட்ச் ஆய்வில் பயன்பட்டது, இதயத்தைப் போலவே சுருங்கி விரியும் பெரிய பம்ப். ஓராண்டு முடிவில் பம்ப் வைத்தவர்களில் 52 சதவீதம் பேரும், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 25 சதவீதம் பேரும் உயிரோடிருந்தார்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் அது 23 சதவீதம், 8 சதவீதம் என்று இறங்கியது. பம்ப் வைத்தவர்கள் இறந்ததற்குத் தொற்றும், பம்ப்பின் பாகங்கள் பழுதானதும் முக்கியக் காரணங்கள்.

இப்போது பரவலாக வைக்கப்படும் ஹார்ட்மேட் 3-இல் தேய்வதற்கு பேரிங்கே கிடையாது. சுழலும் பாகம் காந்த விசையில் அந்தரத்தில் மிதக்கிறது. சுற்றிலும் அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை இடைவெளி உண்டு. சிவப்பணுவின் குறுக்களவு 0.008 மில்லிமீட்டர்தான் என்பதால், அணுக்கள் நசுங்காமல் கடந்துபோகும். பம்ப்பின் எடை சுமார் 200 கிராம். நிமிடத்துக்குப் பெரும்பாலும் 5,000 முதல் 6,000 சுற்று, 10 லிட்டர் வரை தள்ளும் திறன். அதோடு, இரண்டு விநாடிக்கு ஒருமுறை வேகத்தைச் சட்டென்று 2,000 சுற்று குறைத்து, பிறகு கூட்டி, மறுபடி பழைய வேகத்துக்கு வரும். பம்ப்பின் மூலைகளில் ரத்தம் தேங்கிக் கட்டியாகாமல் கழுவி விடுவதற்கான ஏற்பாடு இது.

இதனால் பலன் உண்டா? மொமென்டம் 3 என்ற ஆய்வில் 1,028 பேரில் பாதிப் பேருக்கு இதையும், பாதிப் பேருக்கு முந்தைய தலைமுறையான ஹார்ட்மேட் 2-ஐயும் வைத்துப் பார்த்தார்கள். பம்ப்புக்குள் ரத்தம் உறைவது இரண்டு ஆண்டில் சுமார் 14 சதவீதத்திலிருந்து 1.4 சதவீதமாகக் குறைந்தது. ஐந்தாண்டு முடிவில் புது பம்ப் வைத்தவர்களில் 58 சதவீதம் பேர் உயிரோடிருந்தார்கள். மருந்து மட்டும் என்றால் ஓராண்டைத் தாண்டுவதே அரிது என்ற நிலையில் இருப்பவர்களைப் பற்றிய கணக்கு இது.

ஹெச்வேட் என்ற வேறொரு பம்ப் 2021 ஜூனில் விற்பனையிலிருந்து நிறுத்தப்பட்டது. பக்கவாதம் அதிகம் வந்ததும், நின்ற பம்ப் மறுபடி ஓடத் தாமதித்ததும் காரணம். உறவினர் யாருக்காவது அது ஏற்கெனவே இருந்தால் பயந்துபோய்க் கழற்றக் கேட்க வேண்டாம். நல்லபடி ஓடும் பம்ப்பை மாற்றும் அறுவையிலும் ஆபத்து உண்டு. மருத்துவமனைத் தொடர்பை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பம்ப் வைத்த என் அண்ணனுக்கு ஊர் கிளினிக்கில் நாடியும் கிடைக்கவில்லை, பி.பி. மெஷினும் 'எரர்' காட்டியது. நர்ஸ் பதறிவிட்டார். ஏன் இப்படி?
– வாசகர், சேலம்

இதயம் விட்டு விட்டுத் தள்ளுவதால்தான் மணிக்கட்டில் நாடி துள்ளுகிறது. இந்த பம்ப் குழாய்த் தண்ணீர் போல ஒரே சீராக அனுப்புகிறது. ஆகவே துள்ளல் மிகக் குறைவு, சிலருக்கு அறவே இருக்காது. தானியங்கி பி.பி. மெஷின் அந்தத் துள்ளலை நம்பித்தான் கணக்குப் போடுகிறது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரும் அப்படித்தான், அதன் எண்ணை நம்ப முடியாது.

அளக்கும் முறை இது. கையில் சாதாரண பி.பி. பட்டையைக் கட்டி, முழங்கை மடிப்பில் ஜெல் தடவி, சிறிய டாப்ளர் கருவியை வைத்தால் 'உஷ்ஷ்' என்று ரத்தம் ஓடும் சத்தம் கேட்கும். சத்தம் நிற்கும் வரை காற்றடித்து, மெதுவாக விடும்போது சத்தம் மறுபடி எந்த எண்ணில் தொடங்குகிறதோ அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். நாடி கிடைக்காதவர்களுக்கு அது சராசரி அழுத்தத்துக்கு நெருக்கமான எண். 70-க்கும் 90-க்கும் நடுவில் வைத்துக்கொள்வதே பொதுவான இலக்கு. 85-ஐத் தாண்ட விடாத மையங்களும் உண்டு.

இந்த எண்ணில் அலட்சியம் கூடாது. எதிரே அழுத்தம் கூடினால் பம்ப் அதே வேகத்தில் சுற்றியும் குறைவாகத்தான் தள்ளும். மூளையில் ரத்தக்கசிவு வரும் ஆபத்தும் கூடுகிறது. டாப்ளர் கருவி ஒன்றை வீட்டிலேயே வாங்கி வைத்துப் பழகிக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பம்ப் நின்றால் உயிர் போய்விடுமா?
– வாசகி, ராமநாதபுரம்

பம்ப் நின்றால் ஆபத்துதான். நிற்கும் பம்ப் வெறுமனே நிற்பதில்லை. அதற்குள் வால்வு கிடையாது என்பதால், மகாதமனிக்குப் போன ரத்தம் அதே குழாய் வழியாகப் பின்னோக்கிக் கீழறைக்குள் கொட்டும். ஏற்கெனவே நலிந்த இதயம் இந்தச் சுமையையும் தாங்க வேண்டும். சிலர் கொஞ்ச நேரம் தாங்குவார்கள், சிலர் உடனே மயங்கிவிடுவார்கள். நின்று நேரமான பம்ப்பை மறுபடி ஓட்டினால் உள்ளே உறைந்த ரத்தக்கட்டி மூளைக்குப் போகக்கூடும் என்பதால், அதை டாக்டரைக் கேட்டே செய்ய வேண்டும்.

ஆனால் கரண்ட் போனதுமே பம்ப் நிற்காது. பகலில் பேட்டரியில்தான் இருப்பார்கள். முழுதாகச் சார்ஜ் ஏறிய ஒரு ஜோடி 17 மணி நேரம் வரை வரும். தூங்கும்போது மட்டும் சுவர் மின்சாரத்துக்கு மாற்றிக்கொள்ளச் சொல்கிறோம், பேட்டரி தீரும் அலாரம் தூக்கத்தில் காதில் விழாமல் போகலாம் என்பதால். அப்போது கரண்ட் போனால் கண்ட்ரோலருக்குள்ளேயே இருக்கும் சிறிய பேட்டரி குறைந்தது 15 நிமிடம் பம்ப்பை ஓட்டும், அலாரமும் கத்தும். எழுந்து பெரிய பேட்டரிகளை மாட்ட அந்த நேரம் போதும். எனவே முழுச் சார்ஜ் உள்ள ஒரு ஜோடி, கட்டிலில் இருந்து கை எட்டும் தூரத்தில், ராத்திரி தவறாமல் இருக்க வேண்டும்.

நம் வீடுகளில் வேறு ஒரு கண்ணி இருக்கிறது. பிளக் பாயின்ட்டுக்குப் பக்கத்திலேயே சுவிட்ச். பெருக்க வருபவரோ குழந்தையோ அணைத்துவிட்டால் கரண்ட் போனதற்குச் சமம். எர்த் சரியாக உள்ள மூன்று முள் பாயின்ட் ஒன்றை இதற்கென்று ஒதுக்கி, சுவிட்ச் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். பேட்டரி சார்ஜருக்கும் மின்சாரம் வேண்டும், முழுச் சார்ஜுக்கு 4 மணி நேரம் வரை ஆகும். இன்வெர்ட்டர் இருந்தால் இந்த இரண்டு பாயின்ட்டையும் அதில் சேர்க்க முடியுமா என்று மருத்துவமனையின் பம்ப் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பேட்டரி மாற்றும்போது ஒன்றைக் கழற்றி, புதியதை மாட்டி, 'கிளிக்' சத்தம் கேட்டு, லேசாக இழுத்துப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றவே கூடாது. ஹார்ட்மேட் 3-இல் மஞ்சள் பேட்டரி விளக்கு எரிந்தால் 15 நிமிடத்துக்கும் குறைவு, சிவப்பு பேட்டரி விளக்கு என்றால் 5 நிமிடத்துக்கும் குறைவு. சிவப்பு இதய விளக்கு எரிந்து விடாமல் கத்தினால், ஒயர் கழன்றிருக்கலாம், பம்ப் நின்றிருக்கலாம், அல்லது ரத்த ஓட்டம் நிமிடத்துக்கு 2.5 லிட்டருக்குக் கீழே போயிருக்கலாம். முதலில் இணைப்புகளைப் பாருங்கள், உடனே போன் செய்யுங்கள். மாற்றுக் கண்ட்ரோலரும் ஒரு ஜோடி பேட்டரியும் இருக்கும் பையை, பக்கத்துத் தெரு மளிகைக்கடைக்குப் போனால்கூட எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

கணவருக்கு ஒயர் வெளியே வரும் இடத்தில் நான்தான் கட்டுப் போடுகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, தஞ்சாவூர்

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பம்ப் வைத்தவர்களை மறுபடி மறுபடி மருத்துவமனைக்குக் கொண்டுவரும் காரணங்களில் இந்த விரல் நுனி அளவு இடம் முக்கியமானது. உடம்புக்குள் இருக்கும் ஒயர்ப் பகுதியின் மேல் வெல்வெட் போன்ற உறை உண்டு. திசு அதற்குள் வளர்ந்து பிடித்துக்கொண்டால் கிருமிக்கு வழி அடைபடும். ஒயர் ஒருமுறை வெடுக்கென்று இழுபட்டால் அந்தப் பிடிப்பு கிழிகிறது. தொற்றுகளில் பல இப்படி ஓர் இழுப்பில் ஆரம்பிப்பவை. கண்ட்ரோலர் கைதவறிக் கீழே விழுவது, கதவுக் கைப்பிடியில் ஒயர் மாட்டுவது, பேரக்குழந்தை மடியில் தாவுவது எல்லாமே இழுப்புதான்.

மின்விசிறியை நிறுத்துங்கள், அறையில் வேறு யாரும் வேண்டாம். இருவரும் மாஸ்க் போடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சாதாரணக் கையுறையோடு பழைய கட்டை எடுங்கள். எடுத்ததும் அதை முகர்ந்தும் பாருங்கள், கறையின் நிறத்தையும் பாருங்கள். பிறகு கையை மறுபடி சுத்தம் செய்து, ஸ்டெரைல் கையுறை போட்டு, குளோர்ஹெக்சிடின் மருந்தால் ஒயர் ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும். வெளியிலிருந்து உள்நோக்கித் துடைக்காதீர்கள். மருந்து தானாகக் காயட்டும், ஊதவோ ஒற்றவோ வேண்டாம். ஈரத்தின் மேல் கட்டுப் போட்டால் தோல் வெந்துவிடும், நம் ஊர் வெயிலில் இது சகஜம். கடைசியாக, ஒயர் இழுபடாமல் பிடித்துவைக்கும் ஒட்டுப்பட்டையை வயிற்றில் ஒட்டுங்கள். வேட்டியோ பேன்ட் பெல்ட்டோ அந்த இடத்தில் உரசாமல் கட்டச் சொல்லுங்கள்.

மஞ்சள், தேங்காயெண்ணெய், கடையில் வாங்கிய களிம்பு எதுவும் அங்கே படக்கூடாது. சிவப்பு பரவுதல், புது வலி, சீழ், காய்ச்சல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் போட்டோ எடுத்து அன்றே அனுப்புங்கள். நீங்களே ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்துவிட்டால், கல்ச்சர் சோதனையில் கிருமி பிடிபடாமல் போகும். எந்த மருந்து கேட்கும் என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் கொடுத்திருக்கிறார்கள். கீரையே சாப்பிடக் கூடாதாமே? ஆஸ்பிரினை நிறுத்தலாம் என்றும் கேள்விப்பட்டோம்.
– வாசகர், மதுரை

கீரையைத் தடை செய்ய வேண்டியதில்லை. அளவு மாறாமல் இருந்தால் போதும். கீரையில் உள்ள வைட்டமின் கே, வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்யும். வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரை என்றால் எல்லா வாரமும் அப்படியே இருக்கட்டும், அதற்கேற்ப மாத்திரை அளவை டாக்டர் சரிசெய்வார். ஒரு மாதம் விட்டுவிட்டு அடுத்த மாதம் தினமும் சாப்பிட்டால்தான், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண் ஆட்டம் காணும். அது பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். நாட்டு மருந்துப் பொடிகளையும் வலி மாத்திரைகளையும் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

பம்ப் வைத்தவர்களுக்குக் குடலில் ரத்தக்கசிவு வருவதற்கு மாத்திரை மட்டும் காரணமில்லை. காயத்தில் தட்டணுக்களை ஒட்டவைக்கும் வான் வில்லிபிராண்ட் என்ற நீளமான புரதத்தைச் சுழலும் பம்ப் துண்டுதுண்டாக்கிவிடுகிறது. குடல் சுவரில் மெல்லிய ரத்தக்குழாய் முடிச்சுகளும் உருவாகின்றன. மலம் தார் போலக் கறுத்துப் போனால், தலைசுற்றினால் அன்றே வாருங்கள். எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு: சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்துக்கு மாறி, கண்ட்ரோலரில் வாட் எண் வழக்கத்தைவிட ஏறினால், பம்ப்புக்குள் ரத்தம் உறைகிறதா என்று பார்க்க வேண்டும். தினமும் காலையில் வேகம், ஓட்டம், வாட், துடிப்பு எண் நான்கையும் நோட்டில் எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

ஆஸ்பிரின் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. 2023-இல் வெளியான ஏரிஸ் ஆய்வில் ஹார்ட்மேட் 3 வைத்தவர்கள் ஆஸ்பிரின் இல்லாமல் வார்ஃபரின் மட்டும் எடுத்தபோது ரத்தக்கசிவு குறைந்தது, உறைவு கூடவில்லை. ஆனால் இதயத்தில் புதிதாக ஸ்டென்ட் வைத்தவர்கள் கணக்கு வேறு. உங்கள் டாக்டர் சொன்னால் மட்டும் நிறுத்துங்கள்.

பம்ப் நன்றாக ஓடுகிறது என்கிறார்கள், ஆனாலும் அம்மாவுக்குக் கால் வீங்குகிறது, வயிறு உப்புகிறது.
– வாசகர், யாழ்ப்பாணம்

பம்ப் உதவுவது இடப்பக்கத்துக்கு மட்டும். நிமிடத்துக்கு 5 லிட்டர் அது அனுப்பினால், உடலைச் சுற்றித் திரும்பி வரும் அந்த 5 லிட்டரையும் நுரையீரலுக்குத் தள்ள வேண்டியது வலப்பக்க இதயம். அது சோர்ந்தால் கால், வயிறு, கல்லீரலில் நீர் கோக்கும். வேகத்தைக் கூட்டி இடப்பக்கத்தை அதிகம் உறிஞ்சினால் நடுச்சுவரே இடப்பக்கமாக இழுபட்டு, வலப்பக்கம் இன்னும் திணறும். எக்கோ பார்த்துக்கொண்டே வேகத்தைச் சரிசெய்வார்கள், நீர் பிரியும் மாத்திரையைக் கூட்டுவார்கள். தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் சொல்லுங்கள். உப்பு நாளுக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராமுக்குள். அப்பளமும் கருவாடும் ஊறுகாயும் இந்தக் கணக்கை ஒரே வேளையில் தின்றுவிடும்.

வயிற்றுப்போக்கு, கடும் வெயில் வந்தால் நிலைமை தலைகீழ். உடம்பில் நீர் வற்றினால் பம்ப் உறிஞ்ச ரத்தம் போதாமல் கீழறைச் சுவரையே இழுக்கும். ஓட்டம் குறைந்த அலாரம் வரும். அப்போது நீர் மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டே இருக்கக் கூடாது, போன் செய்து கேளுங்கள்.

யாருக்கு, எப்போது வைப்பது? மாற்று இதயத்துக்குக் காத்திருப்பது நல்லதல்லவா?
– வாசகர், திருச்சி

பொருத்தமான மாற்று இதயம் கிடைத்தால் அது நல்லதுதான். கிடைக்கும்வரை கல்லீரலும் சிறுநீரகமும் தாங்க வேண்டுமே. அந்த இடைவெளியைக் கடக்க பம்ப் பாலமாகிறது. அமெரிக்க முன்னாள் துணை அதிபர் டிக் சேனி 2010 ஜூலையில் பம்ப் வைத்து, 2012 மார்ச்சில் மாற்று இதயம் பெற்றார். மாற்று இதயத்துக்கு வழியில்லாதவர்களுக்கு பம்ப்பே நிரந்தரமாகவும் இருக்கலாம். இங்கிலாந்தின் பீட்டர் ஹௌட்டன் 2000-இல் ஜார்விக் பம்ப் வைத்து ஏழு ஆண்டுக்கு மேல் வாழ்ந்தார். அரிதாகச் சிலருக்கு, அதிலும் மாரடைப்பால் அல்லாமல் இதயத்தசை நோயால் பாதிக்கப்பட்டவர்களுக்கு, இதயம் தேறி பம்ப்பை எடுத்துவிடவும் முடிகிறது.

எங்களை வருத்துவது ஒன்றுதான்: பலர் காலம் கடந்து வருகிறார்கள். ஓராண்டில் ஒரு முறைக்கு மேல் மூச்சுத்திணறலோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், பி.பி. குறைவதால் இதய மாத்திரைகளைக் குறைக்க நேர்ந்தால், சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறத் தொடங்கினால், துடிப்பு தாறுமாறாகும்போது சரிசெய்ய உள்ளே வைத்திருக்கும் ஐ.சி.டி. கருவி ஷாக் கொடுத்தால், அப்போதே பம்ப் வைக்கும் மையத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள். காட்டுவதாலேயே அறுவை என்று ஆகிவிடாது. நிரந்தர டயாலிசிஸ் தேவைப்படும் நிலை, வலப்பக்க இதயம் முற்றாக ஓய்ந்த நிலை, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளே இல்லாத நிலை வந்தபின் பெரும்பாலும் கதவு மூடிவிடுகிறது.

செலவு?
– வாசகர், வேலூர்

பம்ப்பின் விலை மட்டுமே பல பத்து லட்சங்கள். மருத்துவமனையிடம் எழுத்தில் கேளுங்கள்: மாற்றுக் கண்ட்ரோலர் சேர்த்தா, எத்தனை ஜோடி பேட்டரி, பேட்டரி ஆயுள் முடிந்தால் புதியதன் விலை, மாதக் கட்டுப் பொருள்கள், ஐ.என்.ஆர். சோதனை, மறுபடி சேர்க்க நேர்ந்தால் காப்பீடு எவ்வளவு தரும். வீட்டை விற்று பம்ப் வாங்கிவிட்டு, பேட்டரிக்குப் பணமில்லாமல் நிற்கக் கூடாது.

108 ஆம்புலன்ஸில் வேலை பார்க்கிறேன். இப்படி ஒருவர் மயங்கிக் கிடந்தால், நாடியும் இல்லை என்றால், நெஞ்சை அழுத்தலாமா?
– வாசகர், தருமபுரி

நாடி இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். வயிற்றிலிருந்து ஒயர் வருகிறதா என்று பாருங்கள். இடது மார்புக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப் வையுங்கள், பம்ப் ஓடினால் ரீங்காரம் கேட்கும். கண்ட்ரோலரில் என்ன விளக்கு, ஒயர்கள் கழன்றிருக்கின்றனவா, பேட்டரி தீர்ந்ததா என்று வரிசையாகப் பாருங்கள். சர்க்கரை குறைவு, பக்கவாதம் போன்ற வேறு காரணங்களையும் மறக்க வேண்டாம்.

பம்ப் ஓடுகிறது, தோல் வெதுவெதுப்பாக நல்ல நிறத்தில் இருக்கிறது, நகத்தை அழுத்தி விட்டால் ரத்தம் உடனே திரும்புகிறது என்றால் அழுத்த வேண்டாம். நினைவில்லை, மூச்சு சரியில்லை, பம்ப்பும் நின்றுவிட்டது, இணைப்புகளைச் சரிபார்த்தும் ஓடவில்லை என்றால் அழுத்தத் தொடங்குங்கள். பம்ப் இடம் பெயர்ந்துவிடுமோ என்று தயங்கி நிற்பதில் உயிர் போகும். பம்ப் ஓடியும் உடம்பு சில்லிட்டு ரத்த ஓட்டத்தின் அடையாளமே இல்லாவிட்டாலும் அழுத்தலாம். ஷாக் கொடுக்கலாம், பம்ப் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே பட்டையை ஒட்டாதீர்கள், ஒயரைக் கழற்றாதீர்கள். கிளம்பும்போது வீட்டில் இருக்கும் பேட்டரி, சார்ஜர், மாற்றுக் கண்ட்ரோலர் எல்லாம் வண்டியில் ஏற வேண்டும், பயிற்சி பெற்ற வீட்டாரும் கூட ஏறட்டும். போகும் வழியிலேயே பையில் ஒட்டியிருக்கும் மருத்துவமனை எண்ணுக்கு அழையுங்கள்.

சீசனில் குற்றாலம் போய்க் குளிக்கலாமா?
– வாசகர், தென்காசி

அருவி, ஆறு, குளம், கடல், தொட்டி எதிலும் இறங்கக் கூடாது. சாரலில் நின்று பார்த்துவிட்டு வரலாம். வீட்டில், புண் நன்றாக ஆறிய பிறகு டாக்டர் அனுமதித்தால், கண்ட்ரோலரையும் பேட்டரியையும் அதற்கென்று தரும் நீர்புகாப் பையில் போட்டுக்கொண்டு, ஒயர் இடத்தை மூடி, ஷவரில் குளிக்கலாம். குளித்து முடித்ததும் கட்டை மாற்றிவிடுங்கள்.